ஐயாயிரத்துக்குக் கீழே ஒரு சேலை: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் தமிழ்நாட்டுக்காக அமர்ந்திருக்கும் 57 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சின்னாளபட்டியில் நானும் என் மனைவியும் சுங்குடிச் சேலை விற்கிறோம். கடை கிடையாது. வீட்டு முன்னறையில் ஓர் அலமாரி, ஒரு மின்தராசு, மனைவியின் கைப்பேசி, அவ்வளவுதான் மூலதனம். அவள் வாட்ஸ்அப்பில் படம் போடுவாள், ஆர்டர் வரும், மாலைக்குள் நான் பொட்டலம் கட்டி கூரியருக்கோ தபால் ஆபீசுக்கோ கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு சேலை 900 ரூபாயிலிருந்து 1,800 வரை போகும். அதற்கு மேல் விலை சொன்னால் எங்கள் வாடிக்கையாளர்கள் 'பார்த்துச் சொல்றேன்க்கா' என்று எழுதிவிட்டுக் காணாமல் போய்விடுவார்கள். இந்த விலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போன ஆடியில் தொடங்கித் தீபாவளிக்குள் எங்கள் பார்சல்கள் ஒன்பது காணாமல் போயின. ஒன்பது ஊர், ஒன்பது பெண்கள். ஒன்றைத் தவிர எல்லாமே கணினியில் 'டெலிவர்டு'. இரண்டு பேருக்கு வாசலில் வைத்துவிட்டுப் போனதாகப் படம்கூட இருந்தது. அந்த வாசல் தங்கள் வாசல் இல்லை என்றார் ஒருவர். வாசல் என்னுடையதுதான், பார்சலைத்தான் நான் பார்க்கவே இல்லை என்றார் இன்னொருவர்.

ஒன்பதில் ஒன்று மட்டும் திரும்பி வந்தது. 'பெறுநர் வாங்க மறுத்துவிட்டார்' என்று சீட்டு. தூத்துக்குடியில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு யாரும் போன் செய்யவுமில்லை, கதவைத் தட்டவுமில்லை. சரி, சேலையாவது வந்ததே என்று மனைவி கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்தவள் நிறுத்திவிட்டு, "இது நம்ம டேப் இல்லைங்க" என்றாள். நாங்கள் ஒட்டுவது வெள்ளை டேப், ஓரத்தை மடித்துக் கட்டைவிரலால் அழுத்துவது அவள் வழக்கம். இதன் அடிப்பக்கத்தில் பழுப்பு டேப் இருந்தது. உள்ளே நீலக் கட்டம் போட்ட, வெளுத்துப்போன ஒரு லுங்கி. அழகாக மடித்திருந்தது. கூடவே பாதி பாக்கெட் கல்லுப்பு. எதற்கு உப்பு என்று முதலில் புரியவில்லை. அப்புறம் தராசில் வைத்துப் பார்த்தேன். நாங்கள் அனுப்பியபோது ரசீதில் 640 கிராம். இது 635. எடுத்தவனும் ஒரு தராசு வைத்திருக்கிறான்!

கூரியர் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைத் திட்டுவதற்காக இந்த மடல் எழுதவில்லை. கூரியர், தபால் இரண்டிலுமே பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

லுங்கியையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனேன். ஏட்டையா நல்ல மனிதர், உட்காரவைத்து முழுக்கக் கேட்டார். உப்பு விஷயத்தைச் சொன்னபோது சிரித்தும்விட்டார். அப்புறம் கேட்டார்: "ஒரு சேலை என்ன விலை?" சொன்னேன். "அஞ்சாயிரத்துக்குக் கீழங்க. புகார் வாங்கினதுக்கு ரசீதா சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன். எஃப்.ஐ.ஆர். வேணும்னா கோர்ட்ல உத்தரவு வாங்கிட்டு வாங்க." ஒன்பதையும் கூட்டினால் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டுகிறதே என்றேன். "ஒன்பதும் ஒரே இடத்துல ஒரே ஆள் எடுத்ததுன்னு உங்களால சொல்ல முடியுமா?" என்றார். எப்படிச் சொல்வேன்? அதைக் கண்டுபிடிக்கத்தானே அவரிடம் போனேன்.

ஏதோ தட்டிக்கழிக்கிறார் என்றுதான் வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. இந்த மடலுக்குக் காரணம் அதுதான்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்றால் திருட்டு. 379-ஆவது பிரிவு, மூன்றாண்டு வரை சிறை. பத்து ரூபாயோ பத்தாயிரமோ, போலீஸ் தானாக வழக்குப் பதியலாம். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அதன் 303-ஆவது பிரிவிலும் மூன்றாண்டுதான். ஆனால் புதிதாக ஒரு வாசகம் சேர்ந்திருக்கிறது: திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் முறை தண்டனை பெறுபவர், பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துவிடுகிறார் என்றால் தண்டனை சமூக சேவை. இதில் எனக்குச் சண்டை இல்லை. பசிக்கு ரொட்டி எடுத்தவனைச் சிறையில் போட்டு யாருக்கு என்ன லாபம்? நல்ல திருத்தம்தான்.

சிக்கல் அடுத்த சட்டத்தில் இருக்கிறது. குற்ற நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் அட்டவணையில், இந்த ஐயாயிரத்துக்குக் கீழான திருட்டைப் புலன்கொள் குற்றம் இல்லை என்று போட்டுவிட்டார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கக்கூடாது. எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் பதியலாம் என்று பெருமையாகச் சொன்ன ஜீரோ எஃப்.ஐ.ஆர்.கூட இதற்குக் கிடையாது. 1,450 ரூபாய் சேலைக்காக வக்கீல் வைத்து நீதிமன்ற உத்தரவு வாங்குபவர் இந்த மாநிலத்தில் இருந்தால் அவருக்கு என் வணக்கம். (சி.எஸ்.ஆர். என்பதன் விரிவாக்கமே சமூக சேவைப் பதிவேடுதான். திருடனுக்கும் சமூக சேவை, பறிகொடுத்தவனுக்கும் சமூக சேவை.)

இனிமேல்தான் வேடிக்கை. அதே நியாய சன்ஹிதாவின் 305-ஆவது பிரிவைப் பாருங்கள். சரக்கு ஏற்றிச்செல்லும் வண்டியிலிருந்து பொருளைத் திருடினால் ஏழாண்டு வரை. பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திலிருந்து திருடினாலும் ஏழாண்டு வரை. அங்கே ஐயாயிரம் கணக்கு கிடையாது, போலீஸ் தானாகவே விசாரிக்கலாம். ஆக, என் சேலை கூரியர் கிடங்கில் இருக்கும்போது எடுத்தால் ஏழாண்டு. வேனில் இருக்கும்போது எடுத்தாலும் ஏழாண்டு. வேனிலிருந்து இறங்கி ஒரு வீட்டுக் கேட்டின் ஓரம் பத்து நிமிடம் கிடந்தபோது எடுத்தால் போலீஸ் தொடவே முடியாத குற்றம். கேட்டுக்கு உள்ளே கிடந்ததா வெளியே கிடந்ததா, திண்ணை வீட்டைச் சேர்ந்ததா தெருவைச் சேர்ந்ததா என்பதை வக்கீல்கள் பேசித் தீர்க்கட்டும்.

அந்த லுங்கி எங்கே உள்ளே போனது? கிடங்கிலா, வேனிலா, தூத்துக்குடித் தெருவிலா? விசாரித்தால்தான் தெரியும். எங்கே என்று தெரிந்தால்தான் விசாரிக்கலாம். கிணற்றுக்குள் கயிறு, கயிற்றை எடுக்கக் கிணற்றுக்குள் இறங்க வேண்டும், இறங்கக் கயிறு வேண்டும் என்கிற கதைதான்.

தபாலின் கதை இன்னும் ஒரு படி மேலே. என் அப்பா நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் இ.டி. தபால்காரராக இருந்தவர். இப்போது ஜி.டி.எஸ்., கிராம அஞ்சல் ஊழியர், என்கிறார்களே, அதே வேலை. சைக்கிளை நிறுத்தினால்கூடப் பையைத் தரையில் வைக்கமாட்டார். 'ஏழு வருஷம்' என்று அடிக்கடி சொல்வார். சின்ன வயதில் எனக்கு அது என்னவென்று புரிந்ததில்லை. 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தைப் படித்தபோது புரிந்தது. 52-ஆவது பிரிவு: அஞ்சல் ஊழியர் தபாலைத் திருடினாலோ கையாடினாலோ, என்ன காரணத்துக்காகவென்றாலும் ஒளித்தாலோ அழித்தாலோ வீசியெறிந்தாலோ ஏழாண்டு வரை சிறை. 53-ஆவது பிரிவு: கடமைக்கு மாறாகப் பிரித்துப் பார்த்தாலோ வேண்டுமென்றே தாமதித்தாலோ இரண்டாண்டு வரை. ஊழியருக்கு மட்டும் என்றில்லை. அடுத்தவருக்குச் சேரவேண்டிய தபாலை மோசடியாக வைத்துக்கொள்ளும் எவருக்கும் 68-ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை இருந்தது.

வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்தான். கடிதத்தை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்ததும் அதே சட்டம்தான். ஆனால் ஒன்றை அது சரியாகப் புரிந்துவைத்திருந்தது. தபால் என்பது உள்ளே இருக்கும் காகிதத்தின் விலை இல்லை. 52-ஆவது பிரிவில் ரூபாய்க் கணக்கே கிடையாது.

2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்தது. 42 சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தி, சின்னச் சின்னத் தவறுகளுக்குச் சிறை என்பதை எடுத்தார்கள். அஞ்சலகச் சட்டத்தில் மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை, குற்றங்கள் என்று இருந்த அத்தனையையும் நீக்கிவிட்டார்கள். அதன்பின் 1898 சட்டத்துக்குப் பதிலாக அஞ்சலகச் சட்டம், 2023 வந்தது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் குற்றம், தண்டனை என்று எதுவும் இல்லை. கட்டணம் செலுத்தாமல் பாக்கி வைத்தால் நிலவரி பாக்கிபோல வசூலிக்கலாம் என்று மட்டும் இருக்கிறது. அதாவது, நான் அஞ்சல்துறைக்குப் பாக்கி வைத்தால் சட்டம் பேசும். என் தபாலை ஊழியர் பிரித்துப் பார்த்தால் பேசாது. ஆனால் தபாலை இடைமறிக்கும் அதிகாரம் மட்டும் 9-ஆவது பிரிவில் பத்திரமாக இருக்கிறது.

ஜூன் 18-க்கும் ஜூலை 1-க்கும் நடுவே பதின்மூன்று நாள்தான். 2023-இல் தொடங்கி அந்தப் பதின்மூன்று நாள் முடிவதற்குள் தபாலுக்கென்று இருந்த கவசமும் போனது, சிறு திருட்டுக்குப் பொதுவாக இருந்த கவசமும் போனது. இரண்டு அமைச்சகங்கள், இரண்டு கோப்புகள். இரண்டையும் ஒன்றாக வைத்து யாராவது படித்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

உங்களைக் குறைசொல்வதும் எளிதில்லை. அஞ்சலக மசோதா மக்களவையில் நிறைவேறியது 2023 டிசம்பர் 18. அந்த ஒரே நாளில் இரண்டு அவைகளிலுமாக 78 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் சிலர் அதற்கு முன்பே வெளியேதான் இருந்தார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் நியாய சன்ஹிதாவும் இரண்டு அவைகளையும் தாண்டிவிட்டது. படிக்க ஆளில்லாத வீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிய தபால் மாதிரிதான் இந்த இரண்டு சட்டங்களும். அன்று உள்ளே இருந்தவர்களும் இந்த மடலைப் படிப்பவர்களில் இருப்பீர்கள். நீங்களும் இதைக் கவனித்திருக்கலாம்.

அமைச்சகம் என்ன பதில் சொல்லும் என்று ஊகிக்க முடிகிறது. திருட்டுக்குத்தான் பொதுச் சட்டம் இருக்கிறதே, நம்பிக்கை மோசடிக்கு நியாய சன்ஹிதாவில் 316-ஆவது பிரிவு இருக்கிறதே, அரசு ஊழியர் என்றால் ஆயுள் வரை போகிறதே, தனியார் சரக்கு நிறுவனம் என்றாலும் ஏழாண்டு வரை இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு நேர்மையற்ற எண்ணம் இருந்ததென்று காட்டியாக வேண்டும். நடக்கச் சோம்பல்பட்டு ஒரு கட்டு கடிதத்தைக் கிணற்றில் போட்டவன் ஒரு பைசா எடுக்கவில்லை. இன்டர்வியூ கார்டு கையில் கிடைக்காமல் வேலையை இழந்தவனுக்கு, போட்டவன் திருடனா சோம்பேறியா என்பதில் என்ன வித்தியாசம்? பழைய 52-ஆவது பிரிவு 'என்ன காரணத்துக்காகவென்றாலும்' என்று எழுதிவைத்தது இவனுக்காகத்தான்.

இன்னொன்று, மதிப்பு. பாஸ்போர்ட் நம் வீட்டுக்கு ஸ்பீட் போஸ்டில் வருகிறது. அதன் விலை என்ன? பென்ஷன் வாங்கும் பெரியம்மாவின் ஏ.டி.எம். கார்டுக்கு? ஒரு பிளாஸ்டிக் துண்டு, ஐந்து ரூபாய் தேறாது. மதுரையிலிருந்து வரவழைக்கும் வலிப்பு மாத்திரை, சொத்துப் பத்திரத்தின் நகல், கல்லூரி மாற்றுச் சான்றிதழ்... எல்லாமே ஐயாயிரத்துக்குக் கீழே. எங்கள் சேலையும் அவற்றோடு ஒரே பையில்தான் போகிறது.

அஞ்சல்துறையே இதை உணர்ந்திருக்கிறதுபோல. 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றாலோ, ஓ.டி.பி. சொன்னால்தான் கொடுக்க வேண்டும் என்றாலோ, கூடுதலாக ஐந்து ரூபாயும் வரியும் கட்ட வேண்டும். கட்டுகிறோம், நல்ல வசதிதான். கூரியரிலும் ஓ.டி.பி. இருக்கிறது. ஆனால் தெருமுனையிலிருந்தே போன் போட்டு, "ஓ.டி.பி. சொல்லுங்கக்கா, வாட்ச்மேன்கிட்ட வெச்சுட்டுப் போயிடறேன்" என்று கேட்கும் பையனிடம் நம் வீட்டுப் பெண்கள் சொல்லித்தான் விடுகிறார்கள்.

அந்தப் பையனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடுமையான சட்டம் கேட்டு மனுப் போடுகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அவன்தான். ஒரு நாளைக்கு நூறு பார்சலைச் சுமந்துகொண்டு திரிபவன் நின்று கதவைத் தட்டிக் காத்திருந்தால் பாதிகூடச் சேர்க்க முடியாது. ஒன்று காணாமல் போனால் அவன் கூலியில் பிடித்துவிட்டு நிறுவனம் கணக்கை முடித்துவிடுகிறது. போலீசுக்கும் போவதில்லை, எங்களுக்கும் விவரம் சொல்வதில்லை. அவனே எடுத்திருந்தால் தண்டனை வாங்கட்டும். அவன் எடுக்காதபோது, எடுத்தவனுக்கும் சேர்த்து அவன் கட்டுகிறான். வழக்குப் பதிந்து விசாரிக்கும் சட்டம் வந்தால் முதலில் தப்பிப்பவன் அவனாகத்தான் இருப்பான். எங்கே எடை குறைந்தது, கடைசியாக யார் ஸ்கேன் செய்தார், வண்டி எங்கே நின்றது என்று அத்தனையும் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. நாங்கள் கேட்டால் 'புகார் எண்' தருகிறார்கள். போலீஸ் கேட்டால் தந்தாக வேண்டும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. என் அக்கா மகன் அமெரிக்காவில் டெக்சஸில் இருக்கிறான். அங்கே வாசலில் பார்சல் திருடுவது பெரிய தலைவலி. அந்த நாட்டு மத்திய சட்டத்தில் தபால் திருட்டுக்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு, ஆனால் அது அரசுத் தபாலுக்கு மட்டும். தனியார் கூரியருக்குப் பொருந்தாது. அதனால் மாநிலங்கள் தனித்தனியாகச் சட்டம் போட்டன. டெக்சஸ் 2019-இல் போட்டதை அவன் அனுப்பிவைத்தான். அதில் தபால் என்றால் அரசுத் தபாலும் அடக்கம், தனியார் கொண்டுவரும் பொட்டலமும் அடக்கம். பெறுபவர் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்றால் போதும். வாசலில் கிடந்தாலும் அது தபால்தான்.

நான் இரண்டு முறை படித்தது தண்டனைப் பகுதியை. திருடிய பொருளின் விலையை வைத்து அவர்கள் தரம் பிரிக்கவில்லை. எத்தனை பேருடைய தபாலை எடுத்தான் என்று எண்ணுகிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் ஓராண்டு வரை. பத்திலிருந்து இருபத்தொன்பது பேர் என்றால் இரண்டாண்டு வரை. முப்பதைத் தொட்டால் பத்தாண்டு வரை போகும். ரூபாயை விட்டுவிட்டு ஆளை எண்ணுகிறார்கள். எங்கள் ஏட்டையாவிடம் இந்தச் சட்டம் இருந்திருந்தால் 'ஒரு சேலை என்ன விலை' என்று கேட்டிருக்கமாட்டார். 'எத்தனை பேர்' என்று கேட்டிருப்பார். ஒன்பது பேர் என்று சொல்லியிருப்பேன்.

பத்தாண்டெல்லாம் நமக்கு வேண்டாம். சிறையில் கூட்டம் போதாது என்று யாரும் அழவில்லை. முதல் முறை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவனுக்குச் சமூக சேவையே இருக்கட்டும், அதையும் மாற்றச் சொல்லவில்லை. நான் கேட்பது: அனுப்பியவர் கையை விட்டுப் போன பொட்டலம், உரியவர் கையில் விழும்வரை வழியில் இருக்கிறது என்று சட்டத்தில் எழுதுங்கள். அரசுத் தபாலுக்கும் தனியார் கூரியருக்கும் சேர்த்தே எழுதுங்கள். வழியில் இருக்கும் பொருளை எடுத்தால், விலை எதுவானாலும் போலீஸ் தானாக விசாரிக்கலாம் என்று அட்டவணையில் ஒரு வரி சேருங்கள். அடுத்தவர் தபாலை ஒளிப்பதும் பிரிப்பதும் வீசுவதும் மறுபடியும் குற்றமாகட்டும். போலீஸ் கேட்டால் ஸ்கேன், எடை, வண்டி விவரங்களைக் குறிப்பிட்ட நாளுக்குள் கொடுக்காத நிறுவனத்துக்கு அபராதம் போடுங்கள். ஊழியர் கூலியில் பிடித்துக்கொண்டு புகார் கொடுக்காமல் விடுவதற்கும் சேர்த்து.

அமைச்சராக இல்லாத உறுப்பினரும் தனிநபர் மசோதா கொண்டுவரலாம் என்பது தெரியும். 1970-க்குப் பிறகு அப்படி ஒன்றுகூட நிறைவேறவில்லை என்பதும் தெரியும். அதனால் மசோதா பிறகு வரட்டும், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். 2024 ஜூன் 18-க்குப் பிறகு, தபாலைத் திருடியதாகவோ பிரித்ததாகவோ அழித்ததாகவோ எத்தனை ஊழியர்கள்மீது எந்தப் பிரிவில் வழக்குப் பதிவானது என்று தகவல்தொடர்பு அமைச்சரிடம். ஐயாயிரத்துக்குக் கீழான திருட்டுப் புகார்களில் எத்தனை நீதிமன்ற உத்தரவோடு விசாரணைக்குப் போயின என்று உள்துறை அமைச்சரிடம். பதிலை அவையில் வாங்கி வையுங்கள்.

தபால் மத்தியப் பட்டியலில் இருக்கிறது, குற்றச் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. 2025 ஜனவரியில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்ட, நியாய சன்ஹிதாவுக்கு மாநிலத் திருத்த மசோதாவைச் சென்னையில் சட்டமன்றம் நிறைவேற்றியது. அதே கதவு இதற்கும் திறக்கும். டெல்லியில் நகரவில்லை என்றால் உங்கள் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களிடம் சொல்லுங்கள். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், நாளாகும்தான். எங்களுக்குக் காத்திருந்து பழக்கம் உண்டு, பார்சல் தொழிலில் இருப்பவர்கள்.

ஒன்பது பேருக்கும் நாங்கள் வேறு சேலை அனுப்பிவிட்டோம். எட்டுப் பேருக்குச் சேர்ந்தது. ஒன்பதாவதற்கு நான் பஸ் ஏறித் தூத்துக்குடி போய் நேரிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். அந்த லுங்கி முன்னறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, உப்பும் அப்படியே. என்றைக்காவது வழக்கு என்று ஒன்று பதிவானால் சான்றுப் பொருளாகக் கொடுக்கலாமென்று மனைவி அதைத் துவைக்காமல் வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
சின்னாளபட்டியிலிருந்து ஒரு சேலை வியாபாரி